முயலுக்குக் கொம்பு வைக்கலாமா?

கொம்புமுயல்:
நேற்று நான் போட்ட படத்துக்கு ஒருவர் "பிணத்தை வைத்து விளையாடுகிறாய்" என்று எழுதியிருந்தார், அதனால்தான் இந்த இழை. அது வயதாகி இறந்த வளர்ப்பு முயலைப் பாடம் செய்து, கோழி இறகில் சிறகும், ரெசின் என்ற செயற்கைப் பிசினில் கொம்பும் வைத்த உருவம். தோலை உரித்து, உள்பக்கக் கொழுப்பைச் சுரண்டி, பதனிட்டு, செயற்கை நுரையில் செதுக்கிய உடல் வடிவத்தின்மேல் போர்த்தித் தைத்தேன். அப்புறம் காய்கிறபோது தோல் சுருங்கும் என்பதால் தினமும் இமையையும் உதட்டையும் ஊசியால் இழுத்து நிறுத்த வேண்டும். இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?

பச்சைத்தழை:
அதை எழுதியது நான்தான். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. கொம்பை ரெசினில் செய்யத் தெரிந்த கைக்கு மொத்த உடலையும் செயற்கை ரோமத்தில் செய்யத் தெரியாதா? இல்லாத ஒரு உயிரைக் காட்ட, இருந்த ஒரு உயிரின் தோல் எதற்கு?

கொம்புமுயல்:
முயல் ரோமத்தில் அடியில் பஞ்சு மாதிரி ஒன்று, மேலே நீளமாக ஒன்று என்று இரண்டு அடுக்கு உண்டு, செயற்கை ரோமத்தில் அந்த ஆழம் வராது. நடக்காததை நாம் முயற்கொம்பு என்கிறோம் இல்லையா, அதையே 1930களில் அமெரிக்காவின் வயோமிங்கில் ஹெரிக் சகோதரர்கள் ஜாக்கலோப் என்று செய்து காட்டினார்கள். ஸ்வீடனில் ருடால்ஃப் கிரான்பெர்க் 1918இல் முயலின் முன்பாதியையும் கப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுப் பறவையின் பின்பாதியையும் சேர்த்து ஸ்க்வாடர் செய்தார். பார்ப்பவர் ஒரு நொடி நம்பிவிடுகிறார், அந்த நொடிக்காகத்தான் நிஜத் தோல்.

பழையஎலும்பு:
அந்த நம்பிக்கைதான் எனக்கு உறுத்துகிறது. 1735இல் ஹாம்பர்க்கில் ஏழு தலை நாகம் என்று ஒன்றைப் பெரிய விலைக்கு விற்கப் பார்த்தார்கள், ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் போய்ப் பார்த்து, மரநாய் இனத்துத் தாடைகள்மேல் பாம்புத் தோல் ஒட்டியது என்று சொல்லிவிட்டார். பிறகு 1842இல் அமெரிக்காவில் பார்னம் என்ற காட்சி வணிகர் காட்டிய, குரங்கையும் மீனையும் ஒட்டிய பீஜி கடற்கன்னியும் இதே வகை. பார்னமுக்கு முன்பே இப்படி ஏமாந்து ஏமாந்து, வாத்து மாதிரி அலகுள்ள ஆஸ்திரேலிய விலங்கான பிளாட்டிபஸின் தோலை 1799இல் விவரித்த ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா அதையும் ஒட்டுவேலையோ என்று சந்தேகித்தார், நிஜ விலங்கையே நம்ப முடியாமல் போனது! இன்னொன்று, கண்ட இறகையும் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் பெரும்பாலான காட்டுப் பறவைகளின் உதிர்ந்த இறகை வைத்திருப்பதுகூடக் குற்றம்.

கொம்புமுயல்:
சரி, ஏமாற்றியவர்கள் இருந்தார்கள். நான் எது எந்த விலங்கு, எது ரெசின் என்று எழுதித்தான் கொடுக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத தோலைத் தொடுவதே இல்லை.

பச்சைத்தழை:
நீங்கள் தொடமாட்டீர்கள். உங்கள் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர், இறந்த முயல் கிடைக்கும்வரை காத்திருப்பாரா? வாங்க ஆள் இருந்தால் கொன்று கொடுக்கவும் ஆள் வரும்.

கொம்புமுயல்:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் மற்றவர்கள் கேட்டுச் செய்துகொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பச்சைத்தழை:
ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த முயலுக்குப் பெயர் இருந்ததா?

கொம்புமுயல்:
இருந்தது. வளர்த்தவர்தான் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பெயரைப் பீடத்தின் அடியில் எழுதியிருக்கிறேன், படத்தில் தெரியவில்லை.

பச்சைத்தழை:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் அந்த அடிப்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்.