வான்கோவின் படுக்கையறைச் சுவர் நீலமா, ஊதாவா?

வண்ணப்பித்தன்:
பிரான்சின் ஆர்ல் நகரில் ஓவியர் வான்கோ தன் படுக்கையறையை வரைந்த படம் (1888) எல்லாரும் பார்த்ததுதான், சுவர் வெளிர் நீலம். ஆனால் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதை வெளிர் ஊதா என்கிறார். அதில் கலந்திருந்த சிவப்பு வெளுத்துவிட்டதாம். சரி, இல்லாமல் போன நிறத்தை இத்தனை வருஷம் கழித்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வெறும் கடிதத்தை வைத்துச் சொன்னால் எனக்கு ஒப்பாது.

ஆய்வகவாசி:
கடிதம் ஒரு துப்பு, அவ்வளவுதான். நீலத்தில் சிவப்பு கலந்தால் ஊதா, சிவப்பு மட்டும் அழிந்தால் மிஞ்சுவது நீலம். அந்தக் காலத்தில் அவர் விரும்பி வாங்கிய சிவப்புகளில் ஒன்று இயோசின் சாயத்தில் செய்தது, 1870களில் சந்தைக்கு வந்த செயற்கைச் சரக்கு, பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெளிச்சம் பட்டால் தாங்காது. அதன் மூலக்கூறில் நான்கு புரோமின் அணுக்கள் உண்டு. நிறம் போனாலும் புரோமின் பெயிண்டுக்குள்ளேயே கிடக்கும்! எக்ஸ் கதிரைப் படத்தின் மேல் வரிவரியாக ஓட்டினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கொடுக்கும், புரோமின் தெரியும் இடமெல்லாம் இயோசின் பூசிய இடம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள அவரது ஐரிஸ் மலர்கள் (1890) படத்துக்கு இப்படித்தான் வரைபடமே போட்டார்கள். இன்று கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும் பின்னணி அப்போது இளஞ்சிவப்பு.

கோடுகிழிப்பவன்:
எல்லாச் சிவப்புக்கும் இது பலிக்காது. கொச்சினீல் பூச்சிச் சாயத்தில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான், எக்ஸ் கதிர் அதைக் கண்டுகொள்ளாது. அப்போது கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்து, குறுக்காகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்பார்கள். மேல்பக்கம் வெளுத்திருக்கும், ஆழத்தில் நிறம் அப்படியே நிற்கும். சட்டத்தின் விளிம்பு மறைத்த ஓரத்தையும் பார்ப்பார்கள், அங்கே வெளிச்சமே படுவதில்லை.

வண்ணப்பித்தன்:
அப்புறம் ஏன் பழைய நிறத்தைத் திரும்பப் பூசக் கூடாது?

ஆய்வகவாசி:
பூசினால் அது வான்கோ படமாக இருக்காது, நம்ம படமாகிவிடும். கணினியில் பழைய நிறத்தை மீட்டுக் காட்டுகிறார்கள், அது போதும். அவரது குரோம் மஞ்சள் இன்னொரு தலைவலி, வெளுக்காமல் பழுப்பாகிறது. அதில் உள்ள குரோமியம் ஒளியால் ஆறு இணைதிறனிலிருந்து மூன்றுக்கு இறங்குவதுதான் காரணம் என்று 2011இல் கண்டார்கள், பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள சின்க்ரோட்ரான் (மிகச் செறிவான எக்ஸ் கதிர் தரும் பெரிய இயந்திரம்) அதற்கு உதவியது. சூரியகாந்திப் படத்தை இனி வெளியூர் அனுப்புவதில்லை என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ மியூசியம் 2019இல் முடிவெடுத்துவிட்டது.