பொருள்: 'கிளிம்ஃபாட்டிக் சிஸ்டம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மூளை முதுமை, அல்சைமர் பற்றிய கட்டுரை எதை எடுத்தாலும் இந்தச் சொல் வந்து நிற்கிறது. இதுவரை வந்த முன்மொழிவுகள் நான்கு: கிளிம்ஃபாட்டிக் மண்டலம், பசைநிணநீர் மண்டலம், மூளை நிணநீர் மண்டலம், மூளைக் கழிவுநீக்க மண்டலம். வாக்கெடுப்புக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

2012இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்டின் குழு எலிகளில் விவரித்தது இது. மூளைத் தண்டுவட நீர், மூளையின் மேற்பரப்பிலிருந்து தமனிகளைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே உள்ளே இறங்குகிறது. அந்த இடுக்கின் வெளிச்சுவர், கிளியா எனப்படும் மூளைத் துணைச்செல்களில் ஒரு வகையான விண்மீன் செல்களின் (ஆஸ்ட்ரோசைட்) பாதமுனைகளால் ஆனது. அங்கே செறிந்திருக்கும் அக்குவாபோரின்-4 என்ற நீர்த்துளைப் புரதத்தின் துணையோடு நீர் திசுவுக்குள் புகுந்து, திசுவிடை நீரோடு கலந்து, கரைபொருள்களைச் சுமந்துகொண்டு சிரைகளின் ஓரமாக வெளியேறுகிறது. அந்தப் புரதம் இல்லாத எலிகளில் கரைபொருள் வெளியேற்றம் ஏறத்தாழ 70 விழுக்காடும், அல்சைமரில் மூளையில் படியும் புரதமான அமிலாய்டு-பீட்டாவின் வெளியேற்றம் ஏறத்தாழ 55 விழுக்காடும் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். கிளியா செல்லின் பெயரையும் லிம்ஃபாட்டிக் என்பதையும் ஒட்டித்தான் ஆங்கிலச் சொல் பிறந்தது.

என் விருப்பம் 'மூளைக் கழிவுநீக்க மண்டலம்'. படித்தவுடன் புரிகிறது.

– ந.செ.

----------

ந.செ. ஐயா,

> படித்தவுடன் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தேவைக்கு அதிகமாகப் புரிந்துவிடுகிறது. கழிவு மூளையை விட்டு நீங்கும் வழி இது ஒன்றுதான் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அமிலாய்டின் ஒரு பகுதி இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து நேரே இரத்தத்துக்குப் போகிறது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா விழுங்குவது ஒரு பகுதி. நொதிகள் சிதைப்பது இன்னொரு பகுதி. தமனிச் சுவரின் உள்ளேயே, இரத்தம் ஓடும் திசைக்கு எதிராக ஒரு வடிகால் இருப்பதாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. இத்தனைக்கும் பொதுவான பெயரை ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டால், மற்றவை வரும்போது நம் கையில் சொல் இருக்காது.

இன்னொரு சிக்கல், அந்தச் செயலே விவாதத்தில் இருக்கிறது. 2013இல் அதே குழு, எலி தூங்கும்போது மூளைத் திசுவின் செல்லிடை வெளி 14 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாக விரிகிறது, அமிலாய்டு இரு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது என்றது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, அதுவும் எலிகளில்தான், சாயத்தைச் செலுத்தி அளந்துவிட்டு, தூக்கத்திலும் மயக்கமருந்திலும் வெளியேற்றம் குறைகிறது என்று நேர்மாறாகச் சொன்னது. எந்த இடத்தில் செலுத்தினார்கள், எவ்வளவு பெரிய மூலக்கூறு, ஊசி நுழைந்ததால் திசுவுக்கு என்ன ஆனது என்பதையெல்லாம் வைத்து இன்னும் வாதம் நடக்கிறது. முடிவாகாத செயலைப் பெயரிலேயே பூட்டிவைப்பது நமக்குத்தான் வம்பு. நாளை கருத்து மாறினால் சொல்லையும் மாற்ற வேண்டிவரும்.

'மூளை கழுவுதல்', 'மூளை சுத்திகரிப்பு' என்று தலைப்புப் போடும் ஆசையையும் சேர்த்தே அடக்க வேண்டும். அடுத்த படியில் யாராவது 'மூளைச்சலவை' என்று எழுதிவிடுவார்கள். அதன் பொருள் வேறு என்பது ஊரறிந்தது.

– மரு. க.

----------

'பசைநிணநீர்' பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கிளியா என்றால் கிரேக்கத்தில் பசைதான். நரம்புச் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபிர்கோ எண்ணி வைத்த பெயர் அது. அந்த எண்ணம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'பசைநிணநீர்' என்று படிப்பவர் பிசுபிசுப்பான ஏதோ ஒன்று என்றே நினைப்பார். மூளைத் தண்டுவட நீரில் 100 மில்லிலிட்டருக்குப் புரதம் 15 முதல் 45 மில்லிகிராம்தான். இரத்தப் பிளாஸ்மாவில் அதே அளவுக்கு 6 முதல் 8 கிராம். இதைவிடத் தெளிந்த நீர் உடம்பில் குறைவு.

'மூளை நிணநீர்' அதைவிட ஆபத்து. 2015இல் வர்ஜீனியாவிலும் ஹெல்சிங்கியிலும் தனித்தனியாக இரு குழுக்கள், மூளையின் வெளியுறையில் உண்மையான நிணநீர்க் குழல்கள் இருப்பதை எலிகளில் காட்டின. 1787இலேயே இத்தாலிய உடற்கூறியலாளர் மஸ்காக்னி வரைந்து வைத்திருந்தார், யாரும் நம்பவில்லை. அவற்றுக்கு நிணநீர்க் குழலுக்கே உரிய அகச்செல் படலம் உண்டு. கிளிம்ஃபாட்டிக் வழிக்கு அப்படிப்பட்ட சொந்தக் குழலே கிடையாது. இருக்கிற இரத்தக் குழலின் ஓரத்து இடுக்குதான். ஆக 'மூளையுறை நிணநீர்க் குழல்' என்ற சொல்லை 2015 கண்டுபிடிப்புக்கே விட்டுவைக்க வேண்டும். இங்கே 'நாளம்' என்று எழுதாதீர்கள்: தமிழ்நாட்டில் அது எந்தக் குழாய்க்கும் பொது, இலங்கைப் பாடநூலில் சிரைக்குப் பெயர். தமனிக்கு அங்கே 'நாடி'. தமிழ்நாட்டில் நாடி என்றால் துடிப்பு.

என் முன்மொழிவு: குழலோர நீரோட்டம். முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மூளைக் குழலோர நீரோட்டம்'.

காரணம், இதில் குடும்பமே கிடைக்கிறது. ஃபிர்கோ-ராபின் இடைவெளி = குழலோர இடைவெளி. தமனிப் பக்கம் நடப்பது தமனியோர நுழைவு, சிரைப் பக்கம் நடப்பது சிரையோர வெளியேற்றம். எம்ஆர்ஐ அறிக்கையில் வருவது 'விரிந்த குழலோர இடைவெளிகள்'. அறிக்கையை மொழிபெயர்ப்பவர் இதை 'மூளையில் ஓட்டைகள்' என்று எழுதினால் படிப்பவர் அன்றிரவு தூங்கமாட்டார். வயது ஏற ஏற இவை பலரின் படத்திலும் தென்படும். குறுக்களவு பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள்; உருவம் குழலின் போக்கை ஒட்டி நீளமாகவோ, குறுக்குவெட்டில் வட்டமாகவோ இருக்கும். 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்ள குழிவு, சிறுகுழல் அடைப்பின் தழும்பாக இருக்கலாம். அது வேறு, அதற்கு வேறு சொல் வேண்டும். அளவு மட்டும் பிரித்துக் காட்டாது என்பதால் அறிக்கையின் சொல்லை மொழிபெயர்ப்பாளர் தன் ஊகத்தில் மாற்றக்கூடாது.

– இரா.

----------

இரா. அம்மா, 'குழலோர' அருமை. 'நீரோட்டம்'தான் இடிக்கிறது. ஓட்டம் என்றால் அழுத்த வேறுபாட்டால் மொத்தமாக நகர்வது. திசுவுக்குள் நடப்பது ஓட்டமா, மூலக்கூறுகள் தாமாகப் பரவும் வெறும் விரவலா என்பதுதானே பெரிய சண்டை? அக்குவாபோரின்-4 இல்லாமலும் சாயம் அதே மாதிரிதான் பரவுகிறது என்று 2017இல் வெர்க்மன் குழு காட்டியதை மறக்க முடியுமா? 'குழலோரப் பரிமாற்றம்' என்று போட்டால் பாதுகாப்பு.

– சு.

----------

சு., சண்டை திசுவுக்குள் நடப்பதைப் பற்றி. ஓரத்தில் நடப்பது கண்ணால் பார்த்தது. 2018இல் உயிருள்ள எலியின் மூளை மேற்பரப்புத் தமனிகளை ஒட்டி மிதக்கும் நுண்துகள்களைப் படமெடுத்துப் பின்தொடர்ந்தார்கள்: சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 19 மைக்ரோமீட்டர், இரத்தம் போகும் திசையிலேயே, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் முன்னே தள்ளப்பட்டு. இரத்த அழுத்தத்தை உயர்த்தியபோது தமனிச் சுவரின் அசைவு மாறி, துகள்கள் பின்னோக்கி வருவது கூடி, நிகர ஓட்டம் குறைந்தது. அது ஓட்டமேதான். 'குழலோர' என்ற முன்னொட்டு இருப்பதால் சொல் ஓரத்தோடு நின்றுகொள்கிறது. திசுவுக்குள் என்ன நடக்கிறது என்று அது வாய்திறக்கவில்லை. திசுவுக்குள் பேச வேண்டிய இடத்தில் 'திசுவிடை நகர்வு' என்று எழுதலாம். ஓட்டமானாலும் விரவலானாலும் அது பொருந்தும்.

'பரிமாற்றம்' என்றால் இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல். நுழைவு, வெளியேற்றம் என்ற திசை போய்விடும்.

பயன்படுத்திப் பார்க்க மூன்று வாக்கியங்கள்:

'முதிய எலிகளில் அக்குவாபோரின்-4 பாதமுனைகளை விட்டுச் செல்லின் மற்றப் பரப்புகளுக்குச் சிதறுகிறது. குழலோர நீரோட்டமும் தளர்கிறது.'

'சொல்பிடெம் என்ற தூக்கமருந்து கொடுத்த எலிகளில், தூக்கத்தின்போது நாரெபினெஃப்ரின் என்ற நரம்பு வேதிப்பொருளின் ஏற்ற இறக்கம் தணிந்து, குழலோர நீரோட்டம் மட்டுப்பட்டது.' (2025 ஆய்வு, தூக்கமருந்து உண்ணும் மனிதர்களுக்கு இதை அப்படியே நீட்டி எழுதக்கூடாது.)

'தண்டுவட நீரில் செலுத்திய மாறுபாட்டுப் பொருள், ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில் கூடுதலாகத் தங்கியது.' மூன்றாவதில் நம் சொல்லே இல்லை, கவனித்தீர்களா? 2021இல் ஆஸ்லோவில் மனிதர்களில் அளந்தது தங்கிய அளவை. ஓட்டத்தை யாரும் பார்க்கவில்லை. அளந்ததை மட்டும் எழுதுவோம். எலியில் நிமிடக் கணக்கில் நடப்பது மனிதரில் மணிக்கணக்காகி, ஒரு நாளைத் தாண்டியும் நீள்கிறது என்பதையும் கட்டுரையாளர்கள் நினைவில் வைக்கட்டும்.

– இரா.

----------

ஏற்கிறேன். முதல் முறை வரும்போது மட்டும் 'கிளிம்ஃபாட்டிக் மண்டலம் எனப்படும் குழலோர நீரோட்டம்' என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம், தேடுபவருக்கும் கிடைக்கும். 'மண்டலம்' என்ற சொல் அந்த ஓரிடத்தோடு போகட்டும். தனி உறுப்பு வரிசை எதுவும் இங்கே இல்லை.

ஒரு துணைக்கேள்வி. 'ஆல்ப்ஸ் இண்டெக்ஸ்' என்று இப்போது நிறைய வருகிறது. 'நீரோட்டக் குறியெண்' என்று எழுதலாமா?

– ந.செ.

----------

கூடாது ஐயா. 2017இல் ஜப்பானிலிருந்து வந்த அந்த எம்ஆர்ஐ அளவீடு ஓட்டத்தை அளப்பதில்லை. பக்க மூளையறைகளின் மட்டத்தில் சிரைகள் நரம்பிழைக் கற்றைகளுக்குச் செங்குத்தாக ஓடுகின்றன. அங்கே சிரையின் திசையில் நீர் மூலக்கூறுகளின் விரவல் எவ்வளவு, குறுக்குத் திசையில் எவ்வளவு என்று எடுத்து வகுத்தால் கிடைக்கும் விகிதம் அது. நரம்பிழைகள் தேய்ந்தாலே எண் மாறிவிடும். சாயமும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. 'குழலோர விரவல் விகிதம்' என்று எழுதுங்கள். 'கழிவகற்றும் திறன் குறைந்தது' என்று எந்தக் கட்டுரையாவது இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால், 'விகிதம் குறைந்தது' என்று திருத்திவிட்டு ஆசிரியருக்கு ஒரு குறிப்பு அனுப்பலாம்.

– மரு. க.