டோடோவுக்கு எதுகை கிடைக்குமா?

ரோஸ் ஹில் அம்மா:
மகளுக்கு இரண்டே கால் வயது. இங்கே மொரீஷியஸில் எங்கள் வீட்டில் கிரியோல்தான், தமிழ் என் பங்கு. மாமியார் சென்னை போனபோது வாங்கி வந்த பாட்டுப் புத்தகத்தில் யானை, மயில், மாட்டு வண்டி. இவளோ ஜன்னலில் வந்து உட்காரும் கொண்டேக் குருவியைக் காட்டி, "அது எங்கே?" என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறாள். சரி, நானே செய்வோம் என்று பழைய நாட்காட்டி அட்டையில் எட்டுப் பக்கம் வெட்டி வைத்திருக்கிறேன். ஆமைக்கு மட்டும் பாட்டு வந்தது:

மெல்ல மெல்ல ஆமை வருது
செல்லக் குட்டி கீரை தருது

நம் நாட்டுக் கொடிக்கு "சிவப்பு நீலம் மஞ்சள் பச்சை"க்கு மேல் நகரவில்லை. தேசியப் பூவான பூக்ல் தொரேய்க்குத் தமிழ்ப் பெயரே தெரியவில்லை. அழிந்துபோன டோடோ பறவையை வரைந்தால் "எங்கே இருக்கு?" என்பாள். என்ன சொல்ல?

ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
அம்மா, உங்கள் ஆமைப் பாட்டு ஏன் வாயில் உருள்கிறது தெரியுமா? மெல்ல, செல்ல: இரண்டாம் எழுத்து ஒத்துப்போகிறது. வரிக் கடைசியை மட்டும் பார்த்தால் பாதிச் சந்தம்தான். கொடியைக் கீழிருந்து மேலே படியுங்கள்:

பச்சை மஞ்சள் நீலம் சிவப்பு
உச்சிக் கம்பில் ஆடும் விரிப்பு

பூக்ல் தொரேய் என்றால் காதணிதானே, கம்மல் பூ என்றே வையுங்கள். "கம்மல் பூவே கம்மல் பூ, அம்மா காதில் ஆடும் பூ." 1992இல் தேசியப் பூவானது. காட்டுச் செடியாக லெ மோர்ன் மலையில்தான் உண்டு. அதன் தேன்கூடச் சிவப்பு! பக்கத்தில் அதை நக்க வரும் பச்சைப் பல்லி ஒன்றையும் வரையுங்கள். கொண்டேயைக் கேட்கவே வேண்டாம், தலையில் கொண்டை இருக்கிறதே.

மாயேபூர் அப்பா:
டோடோ விஷயத்தில் பொய் வேண்டாம். "ஒளிந்திருக்கு" என்று சொல்லி வைத்தேன். இல் ஓ எக்ரெத் தீவுக்குப் படகில் போனோம், என் பையன் பெரிய ஆமையைக்கூடப் பார்க்காமல் புதர் புதராக விலக்கிக்கொண்டிருந்தான். 1600களிலேயே போய்விட்ட பறவை, "போயிடுச்சு" என்றால் போதும். அடுத்த பக்கத்தில் நம் வல்லூறை வையுங்கள். கோழி தின்னி என்று பட்டம் கட்டிச் சுட்டார்கள், அது பிடிப்பதோ பெரும்பாலும் பல்லி. அப்புறம் பூச்சிமருந்தும் சேர்ந்துகொண்டது. 1974இல் காட்டில் தெரிந்தவை நாலே நாலு. இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன.

அட்டை முனைகளை வட்டமாக வெட்டுங்கள், ஸ்டேப்ளர் பின் கூடாது. மைதாப் பசையும் வேண்டாம், கரப்பான் வரும்.

ரோஸ் ஹில் அம்மா:
ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. நேற்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது வந்தது:

டோடோ டோடோ போயாச்சு
ஓடோடிப் பார்த்தா நாளாச்சு

அவள் "போயாச்சு" மட்டும் பிடித்துக்கொண்டாள். இன்று காலை சோறு தீர்ந்ததற்கும் அதுதான். மைதாப் பசையில் ஏற்கெனவே நாலு பக்கம் ஒட்டிவிட்டேன் அண்ணா, ஆமைப் பக்கத்தின் ஓரத்தைக் கரப்பானுக்கு முன்னால் இவளே கடித்துவிட்டாள்.