1080பி விளையாட்டுக்கு ஆர்எக்ஸ் 6600 வாங்கலாமா, ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கலாமா?

வடகரையான்:
மானிட்டர் 1920×1080, 75 ஹெர்ட்ஸ். அதை மாற்றும் எண்ணம் இல்லை. பிராசசர் பத்தாம் தலைமுறை ஐ3. கடையில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார்கள். வேலரன்ட் எதிலும் ஓடிவிடும். எனக்கு சைபர்பங்க் 2077 ஓட வேண்டும். எதை எடுக்கலாம்?

செவ்விளநீர்:
ஒரே விலை என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? 6600தான். ஒளி, நிழலைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை அணைத்துவிட்டால் பெரும்பாலான விளையாட்டுகளில் அது 3050-ஐத் தெளிவாக முந்தும். குடிக்கும் மின்சாரமும் ஏறத்தாழ ஒன்றே: 132 வாட், 130 வாட். 2021 அக்டோபரில் வந்தபோது 6600-இன் அறிவிப்பு விலை 329 டாலர். அடுத்த ஜனவரியில் வந்த 3050-க்கு 249 டாலர். மேல்தட்டுக் கார்டு கீழே இறங்கி வந்து நிற்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பச்சைமிளகாய்:
ஃபிரேம்களை மட்டும் எண்ணிக் கார்டு வாங்கிய காலம் மலையேறிவிட்டது. 3050-இல் டிஎல்எஸ்எஸ் இருக்கிறது; சிறிய படத்தை வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி அது. 2025 ஜனவரியில் என்விடியா அதைப் புதுப்பித்தபோது பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் படத்தரம் கூடியது. ஏஎம்டி என்ன செய்தது? அதே வேலைக்கான தன் எஃப்எஸ்ஆர் 4-ஐ 9000 வரிசைக் கார்டுகளுக்கென்று கொண்டுவந்தது. 6600 வைத்திருப்பவர்கள் பழைய எஃப்எஸ்ஆரில் கம்பி வேலியும் தலைமுடியும் மினுமினுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செவ்விளநீர்:
4கே மானிட்டரா வைத்திருக்கிறார் அவர்? 1080பி-யில் டிஎல்எஸ்எஸ்ஸை 'குவாலிட்டி'யில் வைத்தாலும் கார்டு உள்ளுக்குள் வரைவது 1280×720 படம்தான். மிச்சமெல்லாம் ஊகம். 4கே-யில் அதே நிலை 2560×1440-இலிருந்து தொடங்குவதால் ஊகிக்கக் கையில் நிறையச் சரக்கு இருக்கும், இங்கே இல்லை. 6600-இல் இந்த ஒட்டுப்போடும் வேலையே பல இடங்களில் தேவைப்படாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் ஏஎம்டி பக்கம் 6600 இருக்கிறது. என்விடியா பக்கம் 2060 சூப்பர். 3050 அதற்கும் கீழே.

பச்சைமிளகாய்:
பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்று யார் சொன்னது? நாளைக்கு அவர் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் மென்பொருளைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் என்விடியா கார்டின் அருமை தெரியும்.

செவ்விளநீர்:
அவர் கேட்டது சைபர்பங்க். நீங்கள் பிளெண்டருக்குப் போய்விட்டீர்கள்.

கம்பிவடம்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். தம்பி, கடையில் காட்டிய 3050 எத்தனை ஜிபி? அந்தப் பெயரில் இரண்டு சரக்கு உலவுகிறது. 2022-இல் வந்தது 8 ஜிபி, 2560 கோர், 128 பிட் நினைவகப் பாதை. 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 96 பிட். நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்டு என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சிப்பிலேயே வெட்டு விழுந்திருக்கிறது. அப்புறம், உங்களுடையது உதிரி வாங்கிச் சேர்த்துக் கட்டிய கணினியா, நிறுவனப் பெட்டியா? பவர் சப்ளை எத்தனை வாட்?

வடகரையான்:
6 ஜிபிதான் அண்ணா. கணினி, ஓர் அலுவலகத்தில் கழித்ததை அப்பா வாங்கி வந்தது. இப்போதுதான் திறந்து பார்த்தேன். பவர் சப்ளையில் 180 வாட் என்று போட்டிருக்கிறது. கார்டில் செருக உதிரிக் கம்பி எதுவும் இல்லை.

செவ்விளநீர்:
6 ஜிபி கார்டை 6600-இன் விலைக்கு விற்கிறாரா? பகல் கொள்ளை! 450 வாட் பவர் சப்ளை ஒன்று வாங்கி மாட்டிவிட்டு 6600-ஐயே எடுங்கள்.

கம்பிவடம்:
மாட்டுவதற்கு முன்னால் மதர்போர்டைப் பார்க்க வேண்டாமா? இப்படிப்பட்ட அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளைக்கான வழக்கமான 24 பின் இணைப்பே இருக்காது. நிறுவனம் தனக்கென்று வேறு அளவில் செய்திருக்கும். கடையில் வாங்கும் பவர் சப்ளை உள்ளே உட்காரவும் உட்காராது. 6600-க்கு 8 பின் கம்பி கட்டாயம். 6 ஜிபி 3050 எழுபது வாட்டில் அடங்கிவிடும். கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும், தனிக் கம்பி வேண்டாம். உங்கள் ஐ3-க்கு 65 வாட் போட்டாலும் 180-க்குள் நிற்கும். ஆனால் இந்த விலைக்கு வேண்டாம். வேறு இரண்டு கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

பச்சைமிளகாய்:
சுற்றிச் சுற்றி 3050-க்கே வந்தீர்கள் பார்த்தீர்களா!

செவ்விளநீர்:
பவர் சப்ளை போட்ட ஓட்டில் ஜெயித்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

வடகரையான்:
24 பின் இல்லை அண்ணா, சின்னதாக 6 பின்தான் இருக்கிறது. பெட்டியும் ஒல்லி, உள்ளே அகலம் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்.

கம்பிவடம்:
அப்படியானால் சாதாரண உயரக் கார்டு நுழையாது. உயரம் குறைந்த 'லோ புரொஃபைல்' மாடலாகப் பாருங்கள். 6 ஜிபி 3050-இல் கிடைக்கிறது. கார்டைக் கணினியில் பொருத்தும் குட்டைத் தகடு அதன் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.