காட்டுத்தீக் கரியும் ஒன்பது ஜோடி ஷூவும்

வேலூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். மாசி பிறந்தால் ஜவ்வாது மலையில் எங்காவது புகை தெரியும். ஒரு வருடம் ஒடுகத்தூர்ப் பக்கம், அடிவாரத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா நிலம் வரைக்கும் தீ இறங்கிவிட்டது. வேலியோரத்து உண்ணிச்செடிப் புதரும் ஒரு புளியமரமும் கருகிப்போயின. வீட்டை நெருங்க விடாமல் ராத்திரி முழுக்க நின்றவர்கள் ஒன்பது தீக்காவலர்கள். காலையில் சித்தி காபி கொடுக்கும்போதுதான் கவனித்தேன், பாதிப் பேர் காலில் ரப்பர் செருப்பு. ஒரு பெரியவரின் செருப்பில் அடிப்பக்கம் உருகி, சருகும் மணலும் ஒட்டி அப்படியே இறுகியிருந்தது.

அது மனசை விட்டுப் போகவே இல்லை. 2021இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்தில் முண்டானோ என்ற ஓவியர், அமேசான் உட்பட எரிந்த காடுகளின் சாம்பலையே வண்ணமாக்கி, தீயணைக்கும் தன்னார்வலர் ஒருவரை ஒரு கட்டடச் சுவர் உயரத்துக்கு வரைந்தார். அது ஞாபகத்துக்கு வந்தது. நம் மலைக் கரியில் நம் ஆட்களை வரைந்து விற்றால், ஷூவாவது வாங்கித் தரலாமே.

கரி எடுத்தது சித்தப்பாவின் பட்டா நிலத்தில் மட்டும்தான். செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது, கரிந்த குச்சியானாலும் எடுக்கக்கூடாது. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

புளியங்கரி கெட்டி. தாளைக் கீறுகிறது, கோடு சாம்பல் நிறத்தில்தான் விழுகிறது. உண்ணிச்செடிக் குச்சியின் கரி மெத்தென்று இருந்தது, விரலால் தேய்த்தால் புகை மாதிரியே பரவியது. புளியங்கரியை வீணாக்காமல் அம்மியில் அரைத்து, பாட்டி சூரணத்துக்குச் செய்வதுபோல வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய துணியில் சலித்து, வேலம்பிசின் ஊறிய தண்ணீரில் குழைத்தேன். நல்ல கறுப்பு மை கிடைத்தது. சாம்பலை, மண்பாண்டம் செய்யும் கரிகிரி ஊரில் பானைகளுக்கு மெருகாகப் பூசலாமா என்றும் யோசித்தேன். ஆனால் மரச்சாம்பல் கண்ணாடிபோல உருக 1200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

முதல் படத்தில் ஒரு காவலர் பச்சைக் கிளையைத் தலைக்கு மேலே ஓங்கி நிற்பார். எனக்கு ரொம்பப் பிடித்த படம். அந்தப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார்.

“இப்படி ஓங்கக்கூடாது டீச்சர். ஓங்கி அடிச்சா பொறி பறந்து, நமக்குப் பின்னாடி இருக்கிற புல்லுல விழும். தரையோட வெச்சு அமுக்கித் தேய்க்கணும்.” ஒரு வேப்பங்கிளையை ஒடித்து, இடுப்பை வளைத்துச் செய்தே காட்டினார். கிளை தரையை விட்டு ஒரு சாண்கூட எழவில்லை.

படத்தைத் திரும்ப வரைந்தேன். எல்லாப் படத்திலும் ஆட்கள் குனிந்தே இருக்கிறார்கள், முகம் பாதிதான் தெரியும். அதுதான் அந்த வேலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

பள்ளி ஆண்டு விழாவில் பதினான்கு படங்களும் விற்றுப்போயின. ஒன்பது பேரின் கால் அளவையும் எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். மேலே தோல்தான் வேண்டும், ரெக்சின் வேண்டாம், சூட்டில் உருகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதும், கடைக்காரர் விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன். லாபம் வைக்காமல் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

பெரியவர் ஷூவைப் போட்டு, வாசலில் நாலு தப்படி நடந்தார்.

“இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர். தையில, தீ தாண்டாம இருக்கப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போவோம். அப்போ ஏறி இறங்கிப் பார்த்துட்டு, எங்க கடிக்குதுன்னு சொல்றேன்.”

தை பிறந்ததும் போன் செய்தார். இடது கால் சுண்டுவிரல்.