ஜெர்மனியில் வாடகை வீடு: கடிதம், கெடு, பூஞ்சை, சாவி

(ஜெர்மனியின் பல நகரங்களில் இருக்கும் தமிழர்கள், புதிதாக வருபவர்களுக்காக ஒருவர்பின் ஒருவராக எழுதியது.)

முனிச், இசார் கரை:

ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் எரிச்சல் தபால்பெட்டியில் தொடங்கும். இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு எண் கிடையாது. தெரு, கட்டட எண், பெட்டியில் ஒட்டிய பெயர், அவ்வளவுதான் விலாசம். பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் மாடி ஏறி விசாரிக்க மாட்டார். கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வரி எண், வங்கி அட்டையின் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை என்று முக்கியமானது பலவும் தாளில்தான் வருகிறது. அவை திரும்பிப் போனால் ஒவ்வொன்றுக்கும் மறுபடி எழுதி, மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கும். கடிதமெல்லாம் அந்தப் பெயருக்குத்தான் வரும். பெட்டியில் கூப்பிடும் பெயரை மட்டும் ஒட்டினால் பிரயோஜனமில்லை. கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் பாஸ்போர்ட்டில் மூன்று குடும்பப் பெயர் இருந்தால் மூன்றையும் ஒட்டுங்கள். பெயர்ப்பட்டையை ஹவுஸ்மைஸ்டர்தான் (கட்டடப் பராமரிப்பாளர்) செய்து தருவார் என்றால் அதற்கு நாளாகும். சாவி வாங்கிய அன்றே ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வேறொருவர் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், பெயருக்குக் கீழே ‘சி/ஓ’ போட்டு அவருடைய குடும்பப் பெயரையும் விலாசத்தில் சேர்க்க வேண்டும்.

பெர்லின்:

அந்தப் பெயருக்கு அடுத்தது அன்மெல்டுங், அதாவது நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவது. வீட்டுக்குள் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அதற்குள் டெர்மின் (அலுவலகச் சந்திப்பு நேரம்) கிடைப்பதே அபூர்வம். தாமதத்துக்கு அபராதம் உண்டு என்றாலும், கெடுவுக்குள் டெர்மின் எடுத்திருந்தால் பொதுவாக அதிகாரிகள் பெரிதுபடுத்துவதில்லை. டெர்மினை உறுதிசெய்த மின்னஞ்சலை மட்டும் கையில் வைத்திருங்கள். ரத்தாகும் டெர்மின்கள் காலையில் அலுவலகம் திறக்கும் வேளையில்தான் அதிகம் கண்ணில் படும். ஒரே நகரத்தில் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்து வருபவர்கள் நிறைய. போதாது. 2015 நவம்பரிலிருந்து, இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். ‘பதிவு போட முடியாது, ஆனால் வீடு தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்த வீடே வேண்டாம். வரி எண், வங்கிக் கணக்கு, விசா எல்லாம் அந்தப் பதிவில்தான் தொங்குகின்றன. வரி எண் வராமல் சம்பளம் போட்டால் மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் வரி பிடித்துவிடக்கூடும். எண் வந்த பிறகு சரிசெய்வார்கள், ஆனால் முதல் மாதக் கையிருப்பு காலி. அவசரமென்றால் உள்ளூர் வரி அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்க் கேளுங்கள்.

பிராங்க்பர்ட்:

பதிந்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று பதில் எழுதுவது வீண். கட்டணம் வீட்டுக்கு, டிவிப் பெட்டிக்கு அல்ல. 2021 ஆகஸ்டிலிருந்து மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். நண்பர்கள் சேர்ந்து இருந்தால், ஏற்கெனவே கட்டுபவரின் கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பிவிட்டால் முடிந்தது. மோசடிக் கடிதம் என்று கிழித்துப் போட்டால் தாமதக் கட்டணம் ஏறி, கடைசியில் ஜப்தி அதிகாரியின் கடிதத்தில் நிற்கும்.

விசா நீட்டிப்பில் ஒரே ஒரு விதி: பழைய அனுமதி முடியும் தேதிக்கு முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டெர்மின் பிறகு வந்தாலும் பரவாயில்லை. இடைக்காலத்துக்கு ஃபிக்சியோன்ஸ் சான்று கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். சட்டப்பிரிவு 81, உட்பிரிவு 4 என்று போட்ட மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால் பழைய உரிமை, வேலை உட்பட, தொடர்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பியும் வரலாம். உட்பிரிவு 3 கட்டத்தில் குறி இருந்தால் வெளியே போனபின் அதை வைத்துத் திரும்ப முடியாது. டிக்கெட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். காலாவதியான விசா அட்டையையும் கூடவே எடுத்துப் போங்கள்; சென்னை விமான நிலையத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஹம் நகரப் பக்கம்:

வாடகை வீடு எண்டு போய்ப் பார்த்தால் குசினி இருக்காது. சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, சுவரில தண்ணிக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டு நிக்கும். முந்தி இருந்த ஆக்கள் தங்கட குசினியை உங்களுக்கு விக்கப் பார்ப்பினம். வாங்கலாம், ஆனால் என்னென்ன சாமான், எத்தனை வயசு, எவ்வளவு காசு எண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். அடுப்பை நீங்களே பூட்டப் போகாதேங்கோ. அது மூன்று ஃபேஸ் இணைப்பு, எலெக்ட்ரீஷியன் வேலை.

லைட்டும் இருக்காது, கூரையில வயர் மட்டும் தொங்கும். லைட் பூட்டுறது பெரிய வேலை இல்லை. சுவிட்சை நிப்பாட்டினால் காணாது, ஃபியூஸ் பெட்டியில அந்த அறைக்குரியதை நிப்பாட்டி, டெஸ்டரால பார்த்துப்போட்டுத்தான் தொடவேணும். பச்சை மஞ்சள் எர்த், நீலம் நியூட்ரல், கறுப்பு அல்லது மண்ணிறம் கரண்ட் வயர். பழைய வீடுகளில இந்த நிறத்தை நம்பக்கூடாது. சாம்பலும் சிவப்பும் வெளியில வந்தால் ஆளைக் கூப்பிடுங்கோ.

ஸ்டுட்கார்ட்:

எல்லாரும் கடிதத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். வீட்டுக்காரரோடு உண்மையான சண்டை வருவது பூஞ்சையில்தான், அதுவும் நம் சமையலில்.

20 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் 17 கிராம் வரை ஈரத்தைத் தாங்கும். 0 டிகிரி காற்று 5 கிராம்கூடத் தாங்காது. இட்லி ஆவி, ரசக் கொதி, அறைக்குள் காயப்போட்ட துணி (ஒரு மெஷின் துணியிலிருந்து இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் காற்றில் கலக்கும்), நாலு பேர் மூச்சு, இவையெல்லாம் வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் போய்ப் படிகின்றன. 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், சுவர் 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பூஞ்சைக்குப் போதுமான ஈரம் அங்கே சேர்ந்துவிடும். கண்ணுக்குச் சுவர் நனைந்து தெரிய வேண்டும் என்றில்லை.

எல்லாரும் செய்வது ஜன்னலை மேல்பக்கம் சாய்த்து நாள் முழுக்க விட்டுவிடுவது. அதுதான் தப்பு. காற்று மாறுவது கொஞ்சம், ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் குளிர்வது நிறைய. பூஞ்சை முதலில் ஜன்னல் மேல்விளிம்பில் கறுப்பாகக் கிளம்பும். ஹீட்டரை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களை முழுக்கத் திறந்து, குளிர்காலத்தில் ஐந்து நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. வெளியே மழையாக இருந்தாலும் திறக்கலாம். குளிர்காற்றில் ஈரம் குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது காய்ந்த காற்றுதான். சமையல் முடிந்த உடனே ஒன்று, துணி காயும்போது ஒன்று கட்டாயம்.

அடுப்புக்கு மேலே இருக்கும் உறிஞ்சியை நம்பாதீர்கள். அதிலிருந்து குழாய் சுவருக்கு வெளியே போகவில்லை என்றால் அது கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை. தாளிப்பு வாசனையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கொஞ்சம் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. இட்லி வேகும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள். திறந்திருந்தால் ஆவி குளிர்ந்த படுக்கையறைக்குப் போய்த்தான் படியும். ஆளில்லாத அறையிலும் ஹீட்டரை 16 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பத்துப் பதினைந்து யூரோவுக்கு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டும் கருவி) வாங்கி 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்து, காலை மாலை எண்ணைக் குறித்து வையுங்கள். ‘நீங்கள் காற்றோட்டம் விடவில்லை’ என்று வீட்டுக்காரர் எழுதும்போது அந்தக் குறிப்பேடு பேசும். பூஞ்சை தெரிந்ததும் தாமதிக்காமல் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை. படத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்துப் பெயிண்ட் அடித்தால் பழி நம் தலையில்.

(சாம்பிராணி போடுபவர்களுக்கு: படுக்கையறையிலும் நடையிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கும். அதைக் கழற்றாதீர்கள், சாம்பிராணியை பால்கனிக்குக் கொண்டு போங்கள்.)

ஹாம்பர்க்:

சாவியைப் பற்றி யாருமே சொல்லவில்லை. இங்கே வீட்டுக்கதவு இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளிப்பக்கம் திருப்பும் கைப்பிடி கிடையாது. குப்பை போடப் போகும்போதும் சாவி வேண்டும். மாட்டிக்கொண்டால், கூகிளில் முதலில் வரும் விளம்பரத்தை அழைக்காமல் ஹவுஸ்மைஸ்டரைக் கேளுங்கள். பூட்டுத் திறப்பவரை அழைத்தால், பயணச் செலவும் இரவுக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெறுமனே சாத்திய கதவைப் பூட்டை உடைக்காமல் திறக்க முடியும். வந்ததும் டிரில்லை எடுப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

தொலைந்தால் இன்னும் மோசம். அதே சாவி கீழ்வாசல், நிலவறை எல்லாவற்றையும் திறக்கும் பொதுப் பூட்டுத்தொகுதி என்றால், கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றும் செலவு உங்கள்மேல் வரலாம், ஆயிரக்கணக்கில். தனிநபர் பொறுப்புக் காப்பீடு (நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) எடுக்கும்போது வாடகைவீட்டுச் சாவி இழப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முனிச், இசார் கரை:

காலி செய்வதையும் சேர்த்துவிடுகிறேன். மூன்று மாத நோட்டீஸ். மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கையில் இருந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாத வாடகை கூடுதல். மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லாது, தாளில் பேனாக் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தத்தில் இருவர் பெயர் இருந்தால் இருவரும் போட வேண்டும். பெட்டியில் போட்டதைத் தபால்காரர் பதிவு செய்யும் ஐன்வுர்ஃப் வகைப் பதிவுத் தபால் நல்லது. கையெழுத்து வாங்கும் வகையில் அனுப்பினால், அவர் வீட்டில் இல்லாதபோது கடிதம் தபால் நிலையத்தில் தூங்கும், கெடு போய்விடும்.

முழு வீட்டுக்கும் வெள்ளையடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் உடனே பெயிண்டருக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் குடிவந்தபோது வீட்டுக்காரர் வெள்ளையடிக்காத வீட்டை ஈடு எதுவும் இல்லாமல் ஒப்படைத்திருந்தால் அந்த நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. குடிவந்த அன்றைய படங்களும் ஒப்படைப்புப் பத்திரமும் அதற்காகத்தான். முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேக்கு (ஹீட்டர், தண்ணீர் போன்ற செலவு சேராத வாடகை) மேல் கேட்க முடியாது. அது திரும்பி வரும்போது, இன்னும் வந்து சேராத தண்ணீர், ஹீட்டர் கணக்குக்காக ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். கணக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கணக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பிறகு பாக்கி என்று கேட்டால் பொதுவாகக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்குத் திரும்புபவர்கள் ஜெர்மன் வங்கிக் கணக்கை அதுவரை மூடாமல் வைத்திருங்கள்.