மூன்று சக்கர மோட்டாருக்குப் புதிய அப்சோர்பர் போடுவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

செந்தூல் பயணி:
வணக்கம். முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் கொண்ட மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கடந்த ஆண்டு இன்னொருவரிடமிருந்து வாங்கினேன். வண்டிக்கு வயது ஏறத்தாழ பத்து. தனியாக ஓட்டும்போது பெரிய குறை தெரிவதில்லை. துணைவியாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போய்வந்த பிறகுதான் இரண்டு தொல்லைகள் புலப்பட்டன. பத்து ஃபெரிங்கியிலிருந்து தெலுக் பஹாங் வரையிலான கடலோர வளைவுகளில் வண்டியின் உடல் வெளிப்புறமாகச் சரிகிறது. அவர் என் தோளைப் பிடித்த பிடி இரண்டு நாள்வரை வலித்தது. மற்றொன்று, பாலத்தின் இணைப்புகளையும் செந்தூலில் சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் சாக்கடை மூடிகளையும் கடக்கும்போது பின்பக்கம் தூக்கிவாரிப் போடுகிறது. சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் மூன்று அப்சோர்பர்களையும் மாற்றிவிடுங்கள் என்று பட்டறைக்காரர் சொல்கிறார். அவர் சொன்ன தொகை எங்கள் தீபாவளிச் செலவைவிடப் பெரியது. மாற்றலாமா?

பட்டர்வொர்த் இரும்புக்கை:
தயங்காமல் மாற்றுங்கள், அண்ணன். அப்சோர்பருக்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது உண்டாகும் தடைதான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. பத்து ஆண்டில் அந்த எண்ணெய் தன் தன்மையை இழந்திருக்கும், அடைப்பு ரப்பர்கள் தேய்ந்திருக்கும், அழுத்தி நிரப்பிய வாயுவும் கசிந்திருக்கக்கூடும். நம் ஊர் வெயிலில் நான்கு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் எண்ணெய் சூடேறி மேலும் இளகிவிடும் என்பதால், காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி மாலையில் தள்ளாடுவதைப் பட்டறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பின்னால் ஒருவர் அமர்வார் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆயர் ஈத்தாம் அளவுகோல்:
யோசிக்க நிறைய இருக்கிறது. முதலில் ஒரு தெளிவு வேண்டும். பியாஜியோ எம்பி3, யமஹா நிக்கென் போன்றவற்றுக்கும் முன்னால் இரண்டு சக்கரம் உண்டு, ஆனால் அவை சாதாரண மோட்டாரைப் போல வளைவின் உட்புறம் சாய்பவை. கேன்-அம் ஸ்பைடரின் வகையைச் சேர்ந்தவை சாயாதவை. உங்கள் வண்டி வெளிப்புறம் சரிகிறது என்பதால் இரண்டாம் வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றல்ல. வளைவில் உடல் சரிவதைத் தடுக்கும் வேலை முழுவதும் முன் சக்கரங்களுடையது. பின்னால் இருப்பது ஒற்றைச் சக்கரம் என்பதால் அது இடம் வலமாகச் சரிவதைத் தாங்கவே முடியாது. தூக்கிவாரிப் போடுவதோ பின்பக்கத்தின் தொல்லை. வளைவுச் சரிவுக்காக முன் ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் செந்தூல் சாலையின் ஒவ்வொரு குழியும் உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். எனவே மூன்றையும் ஒன்றாக மாற்றுவது, காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதற்குச் சமம். உங்கள் பின்புற அப்சோர்பரின் முன்னழுத்தம் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

செந்தூல் பயணி:
சாயாத வகைதான், ஐயா. அப்படி ஒரு படி இருப்பதே எனக்குத் தெரியாது.

பட்டர்வொர்த் இரும்புக்கை:
ஐயா சொல்லும் பிரிவினையை ஏற்கிறேன், ஆனால் முடிவை ஏற்கவில்லை. முன்னழுத்தம் என்பது ஸ்பிரிங்கை ஏற்கெனவே கொஞ்சம் அமுக்கி வைப்பது. அதனால் வண்டி உயரும், ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, தேய்ந்த எண்ணெயும் புதிதாகாது. சரிவுக்குத்தான் மருந்து வேண்டும் என்றால், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் சாய்வுத் தடுப்புக் கம்பியைத் தடிமனானதாக மாற்றலாம். இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேடேறினால் அந்தக் கம்பி தன் பிடியில் வெறுமனே திரும்பிக்கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கும்போதுதான் முறுகித் தடுக்கும். அதாவது மென்மையை இழக்காமலே வளைவில் உறுதி கிடைக்கும். விலையும் அப்சோர்பர்களைவிடக் குறைவு.

ஆயர் ஈத்தாம் அளவுகோல்:
தம்பி, ‘மென்மையை இழக்காமலே’ என்பது அச்சிட்ட விளம்பரத்தில் இருக்க வேண்டிய சொல். கோலாலம்பூரின் குழிகளும் இறங்கிய மூடிகளும் இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டா வருகின்றன? ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழும்போது கம்பி அந்த அடியை மறு பக்கத்துக்கும் கொண்டுபோகும், தடிமன் கூடக் கூட அதிகமாகக் கொண்டுபோகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. கம்பியைத் தடிப்பாக்கினால் வண்டி கவிழும் வாய்ப்புக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். வளைவில் உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடையின் அளவு, வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் நிற்கின்றன, எவ்வளவு வேகத்தில் திரும்புகிறீர்கள் என்பவற்றைப் பொறுத்தது. நான்கு சக்கரக் காரில் கம்பியைக் கொண்டு அந்த எடைமாற்றத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இங்கே பிரித்துக் கொடுக்கப் பின்னால் இணை இல்லை, முழுவதையும் முன் இணையே சுமக்கிறது. ஆகவே கம்பி, சரியும் கோணத்தைக் குறைக்கும். வண்டி எந்த வேகத்தில் திரும்பினால் உட்சக்கரம் தரையை விட்டு எழுமோ, அந்த வேகத்தை ஏறக்குறைய மாற்றாது. உடல் சரிவது ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அடக்கிவிட்டு அதே வளைவில் இன்னும் பத்துக் கிலோமீட்டர் கூட்டிப் போகும் துணிச்சல் வருவதுதான் என் அச்சம்.

பட்டர்வொர்த் இரும்புக்கை:
கணக்கு சரி, ஐயா. ஆனால் உடல் சரியும்போது முன் சக்கரம் தரையில் நிற்கும் கோணமும் மாறுகிறது, டயரின் முழு அகலமும் பிடிக்காமல் போகிறது; சரிவு குறைந்தால் அந்தப் பிடி மீள்கிறது. பின்னால் அமர்ந்திருப்பவரைப் பற்றியும் நினையுங்கள். அவர் கையில் ஹேண்டில் இல்லை, வளைவு வருவதும் அவருக்குத் தெரியாது. அவர் அஞ்சித் தோளைப் பற்றினால் ஓட்டுநரின் கை ஆடும், அதுவும் ஆபத்துதான். எச்சரிக்கையை அடக்கக் கூடாது என்பதற்காக அவரை ஆட்டிக்கொண்டே போக வேண்டுமா?

பெட்டிவண்டி பி.எம்.:
புக்கிட் மெர்தாஜாமில் பக்கப்பெட்டி இணைத்த மோட்டாரில் வியாபாரம் செய்பவன் நான். உங்கள் உயர்ந்த வண்டியைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். என் வண்டி ஒரு பக்கம் இழுத்தபோது நானும் அப்சோர்பர் அப்சோர்பர் என்று அலைந்தேன். கடைசியில் டயரில் காற்றுக் குறைவு. மூன்று சக்கரக்காரனுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு: காரோட்டி குழியை இரு சக்கரத்துக்கு நடுவே விட்டுத் தப்புவான், மோட்டாரோட்டி ஒதுங்கித் தப்புவான், நாம் எப்படி ஒதுங்கினாலும் ஏதோ ஒரு சக்கரம் விழும்.

ஆயர் ஈத்தாம் அளவுகோல்:
இந்த விவாதத்தின் மிகச் சிறந்த வாக்கியம் இதுதான். செந்தூல் நண்பரே, சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது மூன்றின் காற்றழுத்தத்தையும் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, அச்சிலிருந்து இருக்கைக்குக் கீழே ஒரு புள்ளிவரை அளங்கள். வண்டியை இறக்கி, இருவரும் அமர்ந்த நிலையில் அதே தூரத்தை மீண்டும் அளங்கள். வேறுபாடு, சக்கரத்தின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். பாதியைத் தாண்டினால், குழியை உள்வாங்க இடமே மிச்சமில்லை என்று பொருள். அப்போது அடிவாங்குவது ஸ்பிரிங் அல்ல, அசைவின் எல்லையில் இருக்கும் அடித்தடுப்பு ரப்பர்.

செந்தூல் பயணி:
அளந்துவிட்டேன். முன் டயர்களில் இடதுபுறம் வலதைவிட 4 பிஎஸ்ஐ குறைவாக இருந்தது. பெட்டிவண்டி அண்ணனுக்கு நன்றி. பின்புறத்தின் மொத்த அசைவு கையேட்டின்படி 130 மில்லிமீட்டர் அளவில், நாங்கள் இருவரும் அமர்ந்ததும் 74 மில்லிமீட்டர் இறங்கியது! முன்னழுத்தம் ஆகக் குறைந்த படியில் இருந்தது. முந்தைய உரிமையாளர் தனியாகவே ஓட்டியவர் போலும். படியை உயர்த்தியதும் இறக்கம் 52ஆகக் குறைந்தது, மூடிகளில் விழும் அடி பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் மேடு கடந்த பிறகு பின்பக்கம் இரண்டு, மூன்று முறை எழுந்து தாழ்கிறது. வளைவுச் சரிவு, காற்றைச் சமப்படுத்திய பிறகு கொஞ்சம் குறைந்ததாகத் தோன்றுகிறது. துணைவியார் குறையவில்லை என்கிறார்.

பட்டர்வொர்த் இரும்புக்கை:
ஒரு முறை எழுந்து அமர்ந்தால் நலம். மூன்று முறை என்றால் எண்ணெயின் தடை போய்விட்டது. பின்புற அப்சோர்பர் மாற்ற வேண்டியதே. முன்னிரண்டையும் இப்போது தொட வேண்டாம் என்பதை ஐயாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். கம்பியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆயர் ஈத்தாம் அளவுகோல்:
பின்புறத்தை மாற்றுவதில் எனக்கும் மறுப்பில்லை, அளவு சொல்லிவிட்டது. கம்பியைப் பொறுத்தவரை, முதலில் முன் சக்கரங்களின் நேர்கோட்டைச் சரிபார்த்துவிட்டு அதே தெலுக் பஹாங் சாலையில் அதே வேகத்தில் மீண்டும் ஒரு முறை போய்வரட்டும். பின்பக்கம் ஆடாமல் நின்றாலே துணைவியாரின் அச்சத்தில் ஒரு பகுதி தீரும் என்பது என் ஊகம். கம்பி மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் தேவையா என்று முன்கூட்டியே கேட்டு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள்.

செந்தூல் பயணி:
பின்புற அப்சோர்பர் மட்டும் வாங்குவதாக முடிவெடுத்துவிட்டேன். விற்பவர் என் எடையைக் கேட்டார், 81 கிலோ என்று சொல்லியிருக்கிறேன்.

ஆயர் ஈத்தாம் அளவுகோல்:
உடனே திருத்திச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் கடினத்தை அந்த எண்ணை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். துணைவியாரின் எடையும் பினாங்குப் பயணத்தில் ஏற்றும் பைகளின் எடையும் அதில் சேர வேண்டும். அவரிடம் உண்மையான எண்ணைக் கேட்டு வாங்குவது உங்கள் பாடு.